உயிரணுவின் உதிர்வு

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்வோன் ஒருவன் உயிர்நூற் பொருளை எடுத்துக்கொண்டது ஏனெனச் சிலர் வினவக்கூடும். இப்பொருட்குப் பெயர் தேடித் தந்தவர் ஒரு மொழிப் பேராசிரியர் என்பதே என் விடை. உயிரணுக்கள் சுருங்கிச் சிறு துண்டங்களாகி, அண்டை அணுக்களால் விழுங்கப்பட்டு அரவமின்றி மறையும் ஒருவகைச் சாவினை ஆராய்ந்த கெர், வில்லி, கரீ என்னும் மூவர், 1972-ஆம் ஆண்டில் அதற்கு ‘அப்பொப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். அச்சொல்லை அவர்க்கு எடுத்துரைத்தவர், ஸ்காத்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியரான ஜேம்ஸ் கார்மக். மரத்தினின்று இலையும், மலரினின்று இதழும் உதிர்தலை அது குறிக்கும். புயலில் முறிந்த கிளையும் காம்பு கழன்ற இலையும் ஒன்றல்ல. முறிவு புறத்திருந்து வருவது. உதிர்வோ மரத்தின் செயல். ஆதலின் இதனைச் சிலர் போல ‘உயிரணுவின் தற்கொலை’ என்பதினும் ‘உதிர்வு’ என்பதே தகும் என்பது என் துணிபு. காரணம் மேலே விளங்கும்.

பெயர் பிறக்குமுன்னரே பொருள் காணப்பட்டது. 1934-இல் விக்டர் ஹாம்பர்கர் என்பார், கோழிக் கருவின் சிறகு முளையை வெட்டி நீக்கினார். அச்சிறகிற்குரிய நரம்பணுக்கள் பின்னர் மிகக் குறைந்திருக்கக் கண்டார். இளம் அணுக்களை நரம்பணுவாகுமாறு தூண்டும் பொருள் சிறகினின்று வாராமையால் அவை தோன்றாவாயின என்று அவர் முடிவு செய்தார்.

இத்தாலி நாட்டு ரீட்டா லேவி-மொந்தால்சினி அம்மையார் வேறு கருதினார். யூதராதலின், 1938-ஆம் ஆண்டின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்தவர் அவர். தூரின் நகரில் தம் படுக்கையறையை ஆய்வுக்கூடமாக்கித் தையலூசிகளைத் தீட்டிக் கருவியாக்கிக்கொண்டார். குண்டுவீச்சினால் நாட்டுப்புறம் பெயர்ந்த பின்னும், அரிதிற் கிடைத்த முட்டைகளைக் கொண்டு அதே சோதனையைத் தொடர்ந்தார். கருவின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. அணுக்கள் பிறந்தன, சிறகிருக்கும் திசை நோக்கித் தம் இழைகளை நீட்டின, சேருமிடம் இன்மையால் மடிந்தன. பிறவாமையும் பிறந்திறத்தலும் இறுதி நாளில் மட்டும் எண்ணுவார்க்கு ஒன்றாகவே தோன்றுமன்றோ? ஹாம்பர்கரின் அழைப்பை ஏற்று அம்மையார் 1947-இல் அமெரிக்காவிலுள்ள செயின்ட் லூயிஸ் நகர் சென்றார். இருவரும் கூடி 1949-இல் வெளியிட்ட கட்டுரை அம்மையார் கருத்தையே நிலைநாட்டியது. ஊனமற்ற கருவிலுங்கூட நரம்பணுக்கள் பல இவ்வாறு மடிதல் அப்பொழுதே காணப்பட்டது. இயக்க நரம்பணுக்களில் ஏறத்தாழப் பாதி இங்ஙனம் கழிகின்றன என்பது பிற்கால ஆராய்ச்சி.

அணுவை வாழ்விக்கும் பொருள் யாது? ஸ்டான்லி கோஹன் 1953-இல் அம்மையாருடன் சேர்ந்து, எலியின் கட்டியிலும் பாம்பின் விடத்திலும் பின்னர் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அதனைக் கண்டார். அது ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்னும் புரதம். அதனை முறிக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகட்கு ஊட்டியபோது, பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய முற்றும் அழிந்தன. வேறெந்த நஞ்சும் வேண்டப்படவில்லை! இருவரும் 1986-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

உணவற்ற விளக்குத் திரி அணைவதுபோல் அணுவும் அணைகின்றது என்றே நெடுங்காலம் எண்ணினர். 1988-இல் அதே செயின்ட் லூயிசில் நடந்த ஒரு சோதனை இவ்வெண்ணத்தை மாற்றியது. காரணியை நீக்கிய நரம்பணுக்கள் புதிய புரதம் ஆக்காதவாறு மருந்திட்டுத் தடுத்தனர். அவை சாகவில்லை! பட்டினியாயின் இத்தடை சாவை விரைவுபடுத்தியிருக்கும். சாவதற்கே அணு புதிய புரதங்களை ஆக்க வேண்டியிருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

அதன் வழி இது. காரணி, அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைப் பற்றும்வரை, ‘ஏகேடி’ போன்ற நொதிகள் உள்ளே ஊக்கமுற்று, கொல்லும் புரதங்களைக் கட்டி வைத்திருக்கும். ஏற்பி வெறுமையாயின் அக்கட்டு அவிழும். ‘பேக்ஸ்’ என்னும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் புறச்சவ்வைத் துளைக்கும். உள்ளிருந்த சைட்டோகுரோம் கசியும். அதனால் ‘காஸ்பேஸ்’ என்னும் வெட்டு நொதிகள் எழுந்து அணுவைத் துண்டாடும். கருவிகள் அணுவினுடையன, தீர்ப்போ புறத்தே உள்ளது. ‘தற்கொலை’ என்னும் சொல்லை யான் ஏலாமைக்குக் காரணம் இதுவே.

தீர்ப்பை மதியாத அணுக்களும் உள. ஒருவகை நிணநீர்ப் புற்றில் ‘பிசிஎல்-2’ என்னும் புரதம் மிகுந்து நிற்கும். வளர்ச்சிப் பொருளை விலக்கினாலும் அப்புரதம் மிகுந்த அணுக்கள் சாகாமல் நிற்பதை மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர் 1988-இல் காட்டினர். அதனையே அடைத்து, தடைப்பட்ட உதிர்வை மீட்கும் ‘வெனிட்டோக்ளாக்ஸ்’ என்னும் மருந்து 2016-இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது.