மனசுக்கு ஒப்பாத அணி

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது விவாதப் போட்டி. தலைப்பு, 'தாமிரபரணித் தண்ணீரை ஆலைகளுக்குத் தரலாமா?' என்னைத் 'தரலாம்' அணியில் போட்டுவிட்டார்கள். அந்த ஆற்றுப் பாசனத்தில்தான் எங்கள் வயல் விளைகிறது. மனசுக்கு ஒப்பாததை எப்படிப் பேசுவது?
- மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: தயங்காமல் பேசு, மகளே. அமெரிக்கப் பள்ளிகளில் கொள்கை விவாதம் என்றொரு போட்டி உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே தலைப்பு, அணிக்கு இருவர். ஒரு சுற்றில் ஆதரித்தவர்களே இன்னொரு சுற்றில் எதிர்த்தும் வாதாட வேண்டும். பேசி முடித்ததும் எதிரணி 3 நிமிடம் குறுக்கு விசாரணை செய்யும். மேடையில் கைதட்டல் வாங்கும் அடுக்குமொழி அங்கே உதவாது. கேட்டதற்குப் பதில் வேண்டும்.

உன் தலைப்பு நீதிமன்றம் வரை போனதுதான். கங்கைகொண்டான் சிப்காட்டிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தர, 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரைத்தான் தருகிறோம் என்றது அரசுத் தரப்பு. 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியாகித் தடை நீங்கியது.

2002-ஆம் ஆண்டுத் தேசிய நீர்க் கொள்கையில் குடிநீருக்கு முதலிடம், பாசனத்துக்கு அடுத்த இடம் என்றிருந்தது. ஆலைகள் அதற்கும் பின்னால்தான் இருந்தன. ஆகவே 'தரலாம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. எப்போது, எவ்வளவு, என்ன விலைக்கு என்று திட்டம் வை. குடிநீருக்கும் கார், பிசானச் சாகுபடிக்கும் போக மிஞ்சினால் மட்டும் தரலாம். பாபநாசம் அணையில் நீர்மட்டம் குறிப்பிட்ட அடிக்குக் கீழே இறங்கினால் ஆலைக் குழாயை மூட வேண்டும் என்று நீயே வரம்பு கட்டு. உங்கள் வயலையும் காத்தபடியே வாதாடலாம்.

'மழைக்காலத்து உபரி கோடையில் ஆலைக்கு எப்படி வரும்?' என்று எதிரணி மடக்கும். வெள்ள நீரை ஆலைகள் தங்கள் செலவில் தேக்கிவைக்க வேண்டும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கடைமடை விவசாயிகளிடம் கேட்டு, எந்த மாதங்களில் தண்ணீர் எட்டவில்லை என்று குறித்து வா. நீர்வளத் துறையின் கணக்கு வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பெரியவர்கள் யாரையாவது மனுப் போடச் சொல்.

'தரக்கூடாது' என்பதற்கும் இதே அளவு குறிப்பு எடுத்துவை. இரண்டையும் எழுதிப் பார்த்த பிறகும் உன் மனசு பழைய பக்கமே நின்றால், அதை எந்த மேடையிலும் தைரியமாகச் சொல்லலாம்.