வளவில் உள்ள முருங்கை இலையில் சத்தான வறை

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் தோட்டத்தில் விளைச்சல் இராது. உலர் உணவாகக் கிடைக்கும் அரிசி, மா, பருப்பு வயிற்றை நிரப்பும். விற்றமின் ஏ அவற்றில் போதாது. முருங்கை இலையில் அதுவும் இரும்புச்சத்தும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் இது மிக அவசியம்.

எங்கே பறிப்பது?
உங்கள் வளவிலும், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடங்களிலும் மட்டும் பறியுங்கள். கீரை தேடிப் பற்றைக்குள்ளோ, கைவிடப்பட்ட காணிக்குள்ளோ போகவேண்டாம், பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

எப்படிச் சமைப்பது?
1. இலையைக் காம்போடு சுத்தமான நீரில் இரண்டு மூன்று தரம் அலசிய பின் உருவுங்கள். அரிந்த பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும்.
2. தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வதக்குங்கள்.
3. இலை, உப்பு, மஞ்சள் சேர்த்து ஐந்து நிமிடம் கிளறுங்கள். அவித்து நீரை ஊற்றவேண்டாம்.
4. தேங்காய்ப்பூ சேர்த்துப் பிரட்டி இறக்குங்கள். எண்ணெயும் தேங்காயும் சேர்ந்தால்தான் விற்றமின் ஏ உடலில் நன்கு சேரும்.
5. ஆறியதும் தேசிக்காய்ப்புளி விடுங்கள். அது இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

வளவில் முருங்கை இல்லையா? மாரி தொடங்கும்போது ஒரு மீற்றர் நீளமான முற்றிய கொப்பை வேலியோரம் நடுங்கள்.