பழைய கணினியைக் கொடுக்குமுன்

சங்கத்தின் பழைய கணினியைப் பள்ளிக்கூடத்திற்கு நன்கொடையாக அளிப்பது நற்செயலே. எனினும் அங்கத்தினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கூலி, கடன் பாக்கி முதலிய யாவும் அதன் வன்தட்டில் அடங்கியுள்ளன என்பதை நிர்வாகிகள் மறத்தலாகாது.

பேரேட்டின் அட்டவணைத் தாளை மட்டும் கிழித்துவிட்டால் உள்ளே எழுதிய கணக்குகள் மறைந்துவிடுமா? கோப்புகளைச் சாதாரணமாக அழித்தலும், விரைவு ஃபார்மேட்டும் இத்தன்மையனவே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இருவர் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே!

ஆகையால் கீழ்க்கண்டவாறு செய்தல் வேண்டும்:

1. தேவையான கணக்குகளை வேறிடத்தில் பிரதியெடுத்து, அவை திறக்கின்றனவா எனச் சரிபார்க்கவும்.

2. சுழலும் தட்டாயின், பென்டிரைவிலிருந்து இயங்கும் துடைப்பு மென்பொருளைக் கொண்டு முழுப் பரப்பிலும் பூஜ்யங்களை எழுதவும். தற்காலத் தட்டுகளுக்கு ஒருமுறை எழுதுதலே போதும்.

3. எஸ்.எஸ்.டி.யாயின் இம்முறை போதாது. தேய்மானத்தைப் பரவலாக்கும் பொருட்டு அது சில பகுதிகளை ஒதுக்கி வைத்திருக்கும். மேலெழுதுதல் அங்கே எட்டாது. தயாரிப்பாளர் வழங்கும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையையே பயன்படுத்தவும்.

4. இயங்காத தட்டைத் துடைக்க இயலாது. அதைக் கழற்றிச் சிதைத்துவிட்டு, கணினியை மட்டும் கொடுக்கவும்.

5. தட்டின் வரிசை எண், துடைத்த முறை, தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிடவும்.

அங்கத்தினர் செலுத்திய பங்குத்தொகையைப் போலவே அவர்தம் விவரங்களும் நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. கணினியைத் தானம் செய்யலாம். அவற்றைத் தானம் செய்ய நமக்கு உரிமையில்லை.