புகை அடங்கினால் போதுமா? நச்சுநிரல் புகுந்த கணிப்பொறியை மீட்கும் முறை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன்)

நெய்வேலியில் வாழ்வோர் பழுப்பு நிலக்கரியின் குணத்தை நன்கு அறிவர். வெட்டிக் குவித்து வைத்தால், யாரும் தீ மூட்டாமலே அது உள்ளுக்குள் சூடேறிப் புகையத் தொடங்கும். மேலே தண்ணீர் தெளித்தால் புகை அடங்கும், நெருப்பு அடங்காது. குவியலைக் கலைத்துப் பரப்பி ஆறவிட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியான என் தந்தை பலமுறை சொன்ன இந்தப் பாடத்தைச் சென்ற ஆண்டு ஒரு கணிப்பொறியிடம் நான் மீண்டும் கற்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தவணையில் வாங்கிய பழைய மடிக்கணிப்பொறி ஒன்றே எனக்கும் தங்கைக்கும் பொது. ஆய்வகப் பதிவேட்டை அச்சிட வெளியில் கொடுத்து வாங்கிய பென் டிரைவை ஒருநாள் அதில் செருகினேன். அதிலிருந்த கோப்புறைகள் மறைந்து, அதே பெயரில் குறுக்குவழிகள் தோன்றின. எதுவும் அறியாமல் ஒன்றைச் சொடுக்கினேன். பிறகு வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை ஓட்டியதும் ‘நீக்கப்பட்டது’ என்று காட்டியது, மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் நோய் திரும்பியது. அதற்குள் அதே கணிப்பொறியில் அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறந்து தங்கையின் விண்ணப்பக் கட்டணத்தையும் செலுத்தியிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: “திருடன் உள்ளே இருக்கிறானா என்று திருடனிடமே கேட்கலாமா, தம்பி?”

செய்தி இதுதான். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இயங்குதளத்தின் மேல் அமர்ந்து வேலை செய்கிறது. இயங்குதளமே கெட்டுவிட்டால் அது காட்டும் கோப்புப் பட்டியலும் பொய்யாகலாம். 1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொண்டது. அப்பகுதியைப் படிக்க முயன்றால் பழைய நல்ல பகுதியை எடுத்துக் காட்டி ஏமாற்றியது. ஆகவே, நோயுற்ற கணிப்பொறியின் வாக்குமூலத்தை நம்பாமல், அதை முற்றிலும் அழித்து மீண்டும் அமைப்பதே உறுதியான வழி.

பெரிய நிறுவனங்களுக்கும் இச்சோதனை உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சார்ந்த ஒரு கணிப்பொறியில் நச்சுநிரல் இருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் அமைப்பு தெரிவித்தது. அக்டோபர் 29 அன்று வெளியான மறுப்புக்கு அடுத்த நாளே, நச்சுநிரல் இருந்தது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. அது நிருவாகப் பணிக்காக இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த கணிப்பொறி என்றும், முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் விளக்கியது. நோயை மறைக்காமல் ஒப்புக்கொள்வதும், முக்கியமானதைத் தனியே பிரித்து வைப்பதும் நமக்கும் பாடங்களே.

இனிச் செய்முறையைக் காண்போம்.

முதலாவது, கணிப்பொறியை வலையமைப்பிலிருந்து துண்டிக்க வேண்டும். செருகியிருக்கும் பென் டிரைவுகளையும் சந்தேகத்துக்குரியவையாகக் கருதித் தனியே வைக்க வேண்டும்.

இரண்டாவது, தூய்மையான வேறொரு கருவியில் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். முதலில் மின்னஞ்சல், ஏனெனில் மற்ற கணக்குகளின் சாவி அங்குதான் வருகிறது. அடுத்து வங்கி. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

மூன்றாவது, வேறொரு நல்ல கணிப்பொறியில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து நோயுற்ற கணிப்பொறியைத் தொடக்கி, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுக்க வேண்டும். இயக்கக்கூடிய நிரல்கள் ஒன்றையும் எடுக்கலாகாது. வட்டின் எல்லாப் பகுதிகளையும் திறந்து பார்ப்பது அவசியம். நான் அவசரத்தில் ஒரு பகுதியை மறந்தேன். தங்கை ஓராண்டாகத் தட்டச்சு செய்த உயிரியல் குறிப்புகள் அதில் இருந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

நான்காவது, புதிய இயங்குதளத்தை உரியவரின் தளத்திலிருந்தே, நல்ல கணிப்பொறி வழியாகப் பெற வேண்டும். தளத்தில் எஸ்எச்ஏ-256 என்ற 64 எழுத்துச் சரிபார்ப்புத் தொகை வெளியிடப்பட்டிருந்தால், நாம் இறக்கிய கோப்பின் தொகையோடு அதை ஒப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தொகை முற்றிலும் மாறிவிடும். திருட்டுப் படிகளும் பூட்டுடைக்கும் நிரல்களும் நோயை நாமே அழைத்து வருவதாகும். விலை கொடுக்க இயலாதோர்க்குச் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் போன்றவை இலவசமாகவே உள்ளன.

ஐந்தாவது, நிறுவும்போது வட்டின் பழைய பகுதிகள் அனைத்தையும் நீக்க வேண்டும். ‘சி’ பகுதியை மட்டும் அழிப்பது குவியலின் மேல் தண்ணீர் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

ஆறாவது, நிறுவி முடிந்ததும் வேறெதற்கும் முன்பாக இயங்குதளத்தின் புதுப்பிப்புகளை ஏற்ற வேண்டும். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாகிரை’ நச்சுநிரல், சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே மருந்து வெளியாகியிருந்தது! விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்க. பிறகே பழைய கோப்புகளைச் சோதித்துத் திரும்ப ஏற்ற வேண்டும். அன்றாடப் பயனுக்கு நிருவாகி அதிகாரமற்ற தனிக் கணக்கு போதும்.

மாணவ நண்பர்களே, இவ்வேலை முடிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நல்ல வேளையாக அம்மாவின் பணம் தப்பியது. தங்கையின் குறிப்புகள் தப்பவில்லை. இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். நம் உழைப்பை எந்த நிறுவனமும் திரும்ப நிறுவித் தராது. எனவே முக்கியமான கோப்புகளின் ஒரு படியை, கணிப்பொறியோடு எப்போதும் இணைந்திராத வட்டில் வைத்துக் கொள்வோம். இன்று எங்கள் வீட்டில் அந்த வட்டு அலமாரியில், தங்கையின் அந்த நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அதை எடுத்துத் தருபவள் அவளே.