தொடக்கப் பள்ளியில் சித்திரப் பாடமும் பெற்றோர் பணியும்

நம் மாநிலத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருப்பதைக் காண்கிறோம். இஃது எவருடைய அசட்டையாலும் நேர்ந்ததன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றே அளவு வகுத்துள்ளது. சித்திரம், உடற்பயிற்சி, கைவேலை ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டுமென்றும் அதே சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. ஆயின் அவ்விதி, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பயிலும் பள்ளிகளுக்கே உரியது. 2012-இல் நம் அரசு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அவ்வகுப்புகளுக்கென்றே வந்தவர்கள். ஆக, முதல் வகுப்பிற் சேரும் குழந்தை, சித்திரம் கற்பிப்பதற்கென்றே ஒருவரைக் காண ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். கை பழகுவதற்கு ஏற்ற பருவம் அந்த ஐந்தாண்டுகளே.

சித்திரம் ஓய்ந்த வேளைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். ழகரத்தையும் ஞகரத்தையும் எழுதப் பழகும் குழந்தையின் விரல்களைக் கவனித்தால் அவ்வெண்ணம் நீங்கும். வளைவையும் சுழியையும் முன்பே போட்டுப் பழகிய கைக்கு எழுத்து எளிதில் வசப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் 13-இல், திருவள்ளூர் மாவட்டம் புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டையும் படத்தையும் பொம்மையையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அது நன்றே. ஆயினும் அங்குச் சித்திரம் தமிழுக்கும் கணக்குக்கும் துணையாக வருகிறதேயன்றித் தனக்கென ஒரு பாடவேளை பெற்று வருவதில்லை.

அப்பாடவேளையை யார் நடத்துவது? இரண்டு ஆசிரியர் மீது மூன்றாவது சுமையை ஏற்றுவதில் பயனில்லை. பெற்றோரே வகுப்பறைக்கு வந்து வாரம் ஒரு மணி நேரம் கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அமெரிக்க நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இவ்வழக்கம் நெடுநாளாக உண்டு. அங்குத் தாய்மார்கள் முறைவைத்து வந்து, ஒரு படத்தைக் காட்டி விளக்கிப் பின்னர் குழந்தைகளை வரையச் செய்கின்றனர். நமக்கும் இஃது அறவே புதிதன்று. 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் சுமார் 2 இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் தத்தம் தெருக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்கள். ஊராருள் கற்பிக்க வல்லவர் இலர் என்னும் பேச்சுக்கு அதன்பின் இடமில்லை.

சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களைப் பாருங்கள். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. அவற்றை ஒட்டிய அயப்பாக்கம், மோரை போன்ற ஊர்களிலும், பூவிருந்தவல்லி ஒன்றியத்து ஊர்களிலும் வயலும் தொழிற்சாலையும் அருகருகே நிற்கின்றன. இத்தகைய ஊர்களின் பெற்றோருள் நாற்று நடுபவரும் உண்டு, தையற்காரரும் உண்டு, சுவரில் விளம்பரம் எழுதுபவரும் உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வரைபடம் பார்த்து இரும்பைக் கடைபவரும் உண்டு. கோட்டின் நேர்மையை அறிந்தவர் அவரினும் யார்? தம்மைக் கலைஞர் என்று இவர்கள் சொல்லிக்கொள்ளமாட்டார்கள். அழைத்தாலும் ‘எனக்கு என்ன தெரியும்’ என்பார்கள். தலைமையாசிரியர் ஒருமுறைக்கு இருமுறையாக நேரிற் சென்று கேட்க வேண்டியிருக்கும்.

எல்லார்க்கும் முன்னதாக நினைவுக்கு வர வேண்டியவர்கள் வாசலிற் கோலமிடும் தாய்மார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தோரும் 1970-களில் கோலத்தைக் கணிதமுறையில் ஆராய்ந்து, கணிப்பொறி இயலில் இடம்பெறும் வடிவ இலக்கணங்களுக்கு அதனை எடுத்துக்காட்டாக்கினர். உலகெங்கும் கணித அறிஞர் கவனித்த அப்பொருள், நம் வீட்டு வாசலில் நாள்தோறும் காலடி பட்டு அழிகிறது. ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை இடுக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நடுவரிசையில் 7, அதன் இருபுறமும் 6, 5, 4. மொத்தம் எத்தனை? 37 என்று குழந்தை எண்ணிச் சொல்லும்போது கூட்டலும் நடந்துவிடுகிறது, அறுகோணமும் கண்ணெதிரே நிற்கிறது. ஆயினும் கணக்குக்காகவே கோலம் என்று ஆக்கிவிடலாகாது. சிக்குக்கோலத்தின் கம்பி எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது குழந்தை அடையும் மகிழ்ச்சியே முதற்பயன்.

இங்கு ஓர் ஐயம் எழும். அது நியாயமான ஐயமே. பெற்றோர் தொழிலைக் குழந்தை கற்பது என்றவுடன், 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் முதியோர் பலர் நினைவுக்கு வரும். பள்ளியில் மூன்று மணி நேரம், எஞ்சிய பொழுது வீட்டில் பெற்றோர் தொழில் என்பது அத்திட்டம். குயவர் பிள்ளை குயவராகவும், வண்ணார் பிள்ளை வண்ணாராகவுமே நிற்க அது வழிகோலும் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். ‘குலக்கல்வி’ என்றே அதற்குப் பெயராயிற்று. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. நாம் கூறும் முறை அதற்கு நேர்மாறானது. அங்குக் குழந்தை பள்ளியை விட்டுத் தன் வீட்டுத் தொழிலுக்கு அனுப்பப்பட்டது. இங்கோ தொழிலறிந்தவர் பள்ளிக்கு வந்து எல்லாக் குழந்தைகளுக்கும் கற்பிக்கிறார். மண் பிசையும் வகுப்பில் எவர் வீட்டுப் பிள்ளையும் விலகி நிற்கலாகாது. ‘இது அவர்கள் வேலை’ என்று ஒரு குழந்தை சொல்லக் கேட்டால், ஆசிரியர் அன்றைய பாடத்தையே நிறுத்திவைத்து அதனைப் பேச வேண்டும். கற்பிக்க வருவோரும் ஒரே தெருவினின்று, ஒரே வகுப்பாரினின்று வருதல் கூடாது. குடியிருப்பின் எல்லாப் பகுதியாரும் முறை பெற வேண்டும். இந்த ஒரு விதியில் தளர்ந்தால், மற்றவையெல்லாம் ஒழுங்காக நடப்பினும் வகுப்பை நிறுத்திவிடுவதே நல்லது.

வகுப்பை நடத்தும் விதத்தைச் சிறிது விரித்துரைப்போம். மண்வேலையை எடுத்துக்கொள்வோம். ஏரி வண்டலை விவசாயிகளும் மட்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி எடுக்க, வட்டாட்சியரிடமே அனுமதி பெறும் முறை 2024-இல் வந்தது. அவ்வாறு எடுத்த மண்ணில் ஒரு கூடை பள்ளிக்குப் போதும். அதனை ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, உள்ளே காற்று நில்லாதபடி பிசைய வேண்டும். மாட்டுக்குக் கொம்பும் காலும் ஒட்டும்போது, ஒட்டும் இடங்களை ஈர்க்குச்சியாற் கீறி, குழைசேறு தடவி அழுத்தினாலன்றிக் காய்ந்தவுடன் உதிர்ந்துவிடும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்; நிழலில் மெல்ல உலர விட வேண்டும். சூளை இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. பார்த்து மகிழ்ந்தபின் நீரிலிட்டால் மறுவாரத்துக்கு அதே மண் தயார்.

பெற்றோர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு. குழந்தையின் கையிலிருந்து சாக்குக்கட்டியை வாங்கித் தாமே ‘சரியாக’ வரைந்து கொடுத்துவிடுவர். அன்றி, கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைந்து, நாற்பது குழந்தைகளும் அதையே பார்த்தெழுதச் செய்வர். இவ்விரண்டும் சித்திரப் பாடம் ஆகா. கைப்பழக்கத்தை, அதாவது மண்ணைப் பிசைவதையும் புள்ளியை வரிசைப்படுத்துவதையும் ஓலையை மடிப்பதையும், பெரியவர் செய்து காட்டலாம். எதனைப் படைப்பது என்பது குழந்தையின் விருப்பம். மாடு யானையைப் போலிருந்தால் இருக்கட்டும். மதிப்பெண் வேண்டா, முதற்பரிசும் வேண்டா.

வண்ணத்துக்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள் ஆகியவை எங்கும் உள. மஞ்சளிற் சுண்ணாம்பு சேர்ந்தாற் சிவக்கும் என்பது குழந்தைக்குப் பெருவியப்பாகும். ஆனால் சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் தீங்கு, ஆதலின் அதனைக் கலப்பது ஆசிரியர் கையால் மட்டுமே நடக்க வேண்டும். தாளுக்கு, அலுவலகங்களில் ஒருபுறம் அச்சாகிக் கழிந்தவை போதும்.

இம்மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவினின்று குடும்பங்கள் வந்து தங்கி உழைக்கின்றன. அக்குழந்தைகள் தமிழறியாமல் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்திருத்தல் கூடும். அவர்கள் நாட்டிலும் பெண்கள் அரிசிமாவைக் கரைத்துத் தரையிலும் சுவரிலும் ‘ஜோட்டி’ என்னும் கோலம் வரைகின்றனர். அத்தாய்மாருள் ஒருவரை வேலையில்லாத நாளில் அழைத்து வரையச் செய்தால், மொழி தெரியாத குழந்தை அன்றொரு நாளேனும் மற்றவர்க்கு வழிகாட்டியாகும். சூளை முதலாளியிடம் பேசி அத்தாய்க்கு ஒரு மணி நேர விடுப்புப் பெற்றுத் தருவது ஊராட்சி உறுப்பினரால் ஆகக்கூடிய காரியம், ஆசிரியரால் ஆகாது.

இவற்றை நடத்தும் உரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதன் உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். குழு தீர்மானம் இயற்றி, யார் எந்த வாரம் வருவார் என்று குறித்துப் பலகையில் எழுதிவைத்தல் வேண்டும். பெற்றோர் கற்பிக்கும் நேரத்தில் ஆசிரியர் வகுப்பறையிலேயே இருக்க வேண்டும். வெளியார் ஒருவரிடம் குழந்தைகளைத் தனியே விட்டுச் செல்லலாகாது. இன்னொன்று: கூலிக்குச் செல்லும் தாய் பள்ளிக்கு வரும் அரைநாளில் அவருடைய ஊதியம் போகிறது. அதனை ஊர் உணர்ந்து, காலை முதற்பாடவேளையையோ, நடவும் அறுவடையும் இல்லாத மாதங்களையோ தேர்ந்தெடுத்தால் அவர் வருவார். பெற்றோர் வருகிறார்களே என்பதைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்க எவரேனும் முற்பட்டால், குழு அதற்கு ஒருபோதும் உடன்படலாகாது.

பிள்ளைகள் வரைந்தவற்றை அலமாரியிற் பூட்டிவைக்க வேண்டா. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அன்று கூட்டம் நடக்கும் இடத்தில் ஒரு கயிறு கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் அவற்றைத் தொங்கவிடலாம்.