பொம்மைப் படம் என்று ஒதுக்கலாமா?



போன வருஷம் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி என் செல்போனில் ஜப்பான் நாட்டு அனிமே படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, டிப்ளமோ படிக்கிறவன் பொம்மைப் படம் பாத்துக்கிட்டிருக்க?" என்று சிரித்தான். "சும்மா அஞ்சு நிமிஷம் உக்காந்து பாரு" என்றேன். உட்கார்ந்தவன் படம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

வரைந்த படம் என்றாலே சின்னப் பிள்ளைகளுக்கு என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? நம்ம மாவட்டத்துச் சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். குகைக்கோயில் விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், பறவைகள், யானைகள், பூப்பறிக்கும் ஆட்கள்! பாண்டியர் காலத்தில் சமண சமயத் தத்துவத்தைச் சொல்வதற்காக வரைந்த ஓவியங்கள் அவை. அதை யாரும் குழந்தைகள் சமாச்சாரம் என்று சொல்வதில்லையே!

அனிமே எப்படி உருவாகிறது?

சினிமா ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. 90 நிமிடப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,29,600 பிரேம். பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று பிரேமுக்கு நிறுத்தி வேலையைக் குறைப்பார்கள். ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மூத்த ஓவியர் வரைவார். இடைப்பட்ட நிலைகளை மற்றவர்கள் நிரப்புவார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கண்ணாடி போன்ற தாளில் ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். 1988-இல் வந்த 'அகிரா' படத்துக்கு அப்படி 1,60,000-க்கு மேல் தாள்கள்! டிராயிங் ஹாலில் ஒரு ஐசோமெட்ரிக் வியூ போடவே நமக்கு மத்தியானம் முழுக்கப் போய்விடுகிறது. அந்த உழைப்பின் அருமை நம்மைவிட வேறு யாருக்குத் தெரியும்?

நமக்கு நெருக்கமான உதாரணம் 'ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. ஜப்பானியர் யூகோ ஸாகோவும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து உழைத்த படம். 1993-இல் டெல்லி திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2025 ஜனவரி 24-இல் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்தது. அது குடும்பத்தோடு பார்க்கலாம். இனி நான் சொல்லப்போகும் நான்கும் நம் வயதுக்காரர்கள் பார்க்க வேண்டியவை.

1. கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ் (1988)

'மின்மினிகளின் கல்லறை' என்று பொருள். இயக்கியவர் இஸாவோ டகாஹாடா. 1945, கோபே நகரில் குண்டு விழுகிறது. தாயை இழந்த 14 வயது அண்ணனும் 4 வயதுத் தங்கையும் பசியோடு போராடுகிறார்கள். அண்ணன் செத்துப்போவதை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் நம்மால் கண்ணை எடுக்க முடிவதில்லை. மூலக்கதையை 1967-இல் எழுதிய அகியுகி நோசாகா, போர்க்காலத்தில் தன் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். அவளைச் சரியாகக் கவனிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில்தான் அந்தக் கதையை எழுதினார்.

நண்பன் அன்று பார்த்தது இந்தப் படம்தான். முடிந்தபிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். அவன் ஊர் கீரமங்கலம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, தென்னை எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த சமயம். "நிவாரணத்துல குடுத்த பிஸ்கட் பாக்கெட்ட ஒளிச்சு வச்சு நான் மட்டும் தின்னுட்டேன்டா. தங்கச்சி பசிக்குதுன்னு அழுதா. இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட சொன்னதில்ல" என்றான். மறுநாள் காலையில் போன் பண்ணிச் சொல்லிவிட்டான். "எனக்கு அப்பவே தெரியும்ண்ணே" என்றாளாம் அவள். ஒரு 'பொம்மைப் படம்' செய்த வேலை இது!

2. த விண்ட் ரைசஸ் (2013)

மெக்கானிக்கல் நண்பர்கள் தவறவிடக்கூடாத படம். ஹயாவோ மியாசாகி இயக்கியது. ஜீரோ போர் விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹோரிகோஷி என்ற இன்ஜினியரின் வாழ்க்கையைத் தழுவி, காதல் பகுதியைக் கற்பனையாகச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்லைடு ரூலை நகர்த்திக் கணக்குப் போடுவதும், காற்றின் தடையைக் குறைக்க ரிவெட்டின் தலை வெளியே தெரியாமல் அமுக்கிப் பொருத்துவதும் கதையிலேயே வருகின்றன. வொர்க்‌ஷாப்பில் நாம் படித்தது திரையில் உயிரோடு நிற்கிறது!

ஆனால் படம் கேட்கும் கேள்வி கசப்பானது. அழகான விமானம் செய்வதுதான் அவன் கனவு. அது போருக்குப் போகிறது. போனவை திரும்பி வரவில்லை. நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனியில் டிராயிங் போடத்தான் போகிறோம். வரைந்து கொடுத்ததோடு நம் பொறுப்பு முடிந்ததா? எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

3. எ சைலண்ட் வாய்ஸ் (2016)

நவோகோ யமடா இயக்கிய படம். காது கேளாத மாணவியைப் பள்ளியில் கேலி செய்து துரத்திய பையன், வளர்ந்தபிறகு வெட்கப்பட்டு அவளைத் தேடிப்போகிறான். நம் மாநிலத்தில் ராகிங்கைத் தடுக்க 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 'சும்மா தமாஷுக்கு' என்று ஜூனியரைச் சீண்டுகிற பழக்கம் நம்மிடம் முழுசாகப் போகவில்லை. சீண்டியவன் பக்கம் நின்று கதை சொல்வதால் இந்தப் படம் சுருக்கென்று தைக்கிறது. தற்கொலை எண்ணம் பற்றிய காட்சிகள் உண்டு. மனசு சரியில்லாத நேரத்தில் தனியாகப் பார்க்க வேண்டாம்.

4. பெர்ஃபெக்ட் புளூ (1997)

சதோஷி கோன் இயக்கியது. பாட்டுக்காரியாக இருந்து நடிகையாக மாறும் பெண்ணின் பெயரில், அவள் எழுதாத டைரி இணையத்தில் வருகிறது. எது நிஜம் என்று அவளுக்கே தெரியாமல் போகிறது. ஃபேக் ஐடி தொல்லையை அப்போதே சொன்ன படம். பாலியல் வன்முறைக் காட்சிகள் இருப்பதால் 18 வயது முடிந்தவர்கள் மட்டும் பார்க்கவும்.

ஒரு வேண்டுகோள்

நம் சென்சார் போர்டு 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறது. அதைக் கவனித்துப் பாருங்கள். தம்பி தங்கச்சிகளுக்குப் போட்டுக் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அனிமே என்பதாலேயே எல்லாம் குழந்தைகளுக்கு ஏற்றதாகிவிடாது.

ரத்தமும் சண்டையும் இருந்தால்தான் பெரியவர்கள் படம் என்று சிலர் நினைக்கிறார்கள். பார்த்தபிறகு நம்மை நாமே கேள்வி கேட்க வைப்பதுதான் பெரியவர்கள் படம் என்பது என் தாழ்மையான கருத்து. இந்த நான்கில் ஒன்றையாவது செமஸ்டர் லீவில் பாருங்கள். பார்த்துவிட்டு ஹாஸ்டலில் என்னைத் தேடி வந்து சண்டை போட்டாலும் சந்தோஷமே!