உலர் வலயத்தில் விலங்குகள் வாழும் முறை

எமது உலர் வலயக் கிராமங்களில் ஆண்டின் கணக்கு மழையோடுதான் தொடங்குகிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெருமழை பெய்கிறது, குளம் நிரம்புகிறது, காலபோகம் விளைகிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மழை அரிது. சோளகக் காற்றில் நிலம் காய்கிறது. குளமும் கிணறும் வற்றுகின்றன. இதற்கேற்ப நாம் விதைப்பையும் அறுவடையையும் ஒழுங்கு செய்துள்ளோம். இதே நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதனை அறியாதவரை யானையும் கரடியும் முதலையும் வெறும் பகையாகவே எமக்குத் தோன்றும். அறிந்துகொண்டால் உயிரிழப்பையும் பயிரிழப்பையும் ஓரளவேனும் குறைக்கலாம்.

இசைவாக்கம் என்றால் என்ன?

ஓர் உயிரினம் தான் வாழும் இடத்தின் வெப்பம், நீர், உணவு, எதிரி ஆகியவற்றுக்குப் பொருந்தி வாழும் தன்மையே இசைவாக்கம் எனப்படும். இதனை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது உடலமைப்பு, இரண்டாவது உடலின் உள்தொழிற்பாடு, மூன்றாவது நடத்தை. முதலிரண்டும் மிக மெதுவாகவே உருவாகின்றன. ஓரினத்தில் பிறக்கும் குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. அவ்விடத்துக்குப் பொருத்தமான இயல்பு உடையவை கூடுதலாகத் தப்பிப் பிழைத்து இனம் பெருக்குகின்றன. எண்ணற்ற தலைமுறைகள் கடந்தபின் அந்த இயல்பு இனத்துக்கே உரியதாகிறது. நடத்தை மட்டும் ஒரு விலங்கின் வாழ்நாளுக்குள்ளேயே மாறக்கூடியது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வோம்.

குளமும் களப்பும்

வற்றும் குளத்தின் சேற்று நீரில் உயிர்வளி குறைவு. பல மீன்கள் அதில் மடிந்துவிடுகின்றன. விராலும் பனையேறிக் கெண்டையும் தப்புகின்றன. செவுள்களோடு, வெளிக்காற்றைச் சுவாசிப்பதற்கான தனி உறுப்பும் அவற்றின் தலைப்பகுதியில் உண்டு. அடிக்கடி நீரின் மேல்மட்டத்துக்கு வந்து அவை காற்றை உள்ளிழுப்பதை நாம் கண்டிருப்போம். பாலாமை வேறு வழியைக் கையாளுகிறது. குளம் வற்றியதும் சேற்றுக்குள் புதைந்து, உடலின் இயக்கத்தைக் குறைத்து, மழை வரும்வரை காத்திருக்கிறது.

குளத்து முதலை கரையில் நீண்ட வளை தோண்டி அதன் குளிர்ச்சியில் தங்குகிறது. அல்லது தரைவழியாக நடந்து வேறு நீர்நிலையைத் தேடிச் செல்கிறது. ஆகவே 'எங்கள் குளத்தில் முதலை இல்லை' என்று கடந்த ஆண்டின் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. எஞ்சிய ஆழமான மடுவையே வறட்சியில் முதலையும் நாடும், குளிக்கச் செல்லும் நாமும் நாடுவோம். சிறுவர்களை அங்கு தனியே இறங்க விடலாகாது.

மன்னார் வங்காலைப் பகுதி 2010ஆம் ஆண்டு சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அங்கு வரும் பூநாரை உவர்நீருக்கு இசைவானது. நீண்ட கால்களால் ஆழமற்ற நீரில் நடந்து, வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. உடலில் சேரும் மிகையான உப்பைத் தலையிலுள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. இவ்வளவு நுட்பமாக ஒரே வகை வாழிடத்துக்குப் பொருந்திய பறவைக்கு, அக்களப்பு நிரப்பப்பட்டால் அருகிலுள்ள வயல் மாற்றிடமாகாது.

காட்டுக் கரடி

எமது கரடியின் முக்கிய உணவு கறையானும் எறும்பும். புற்றை உடைக்க நீண்ட நகங்கள். மண் புகாமல் மூடிக்கொள்ளும் மூக்குத் துவாரங்கள். நீண்டு குவியும் உதடுகள். மேல்வரிசையின் நடுவில் இரு பற்கள் இல்லாததால் அந்த இடைவெளியூடாகக் கறையானை உறிஞ்சி எடுக்கிறது. பாலைப்பழக் காலத்தில் மரமேறிப் பழம் உண்கிறது. நாமும் அதே காலத்தில் பழத்துக்கும் தேனுக்கும் காட்டுக்குள் செல்கிறோம். கரடியின் பார்வை மந்தமானது. உணவில் மூழ்கியிருக்கும்போது ஆள் வருவதை உணராமல் திடுக்கிட்டால் ஓடுவதற்குப் பதில் பாய்ந்து தாக்கும். ஆகவே கூட்டமாக, உரத்துப் பேசிக்கொண்டு செல்வதே பாதுகாப்பு.

யானை

யானை தான் உண்பதில் பாதிக்கும் குறைவானதையே செரிக்கிறது. எனவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு தேவை. நூறு லீற்றருக்கு மேல் நீர் தேவை. வியர்வை மிகக் குறைவு. காதுகளை விசிறுவதாலும் சேற்றைப் பூசுவதாலும் உடலைக் குளிர்விக்கிறது. காய்ந்த ஆற்றுமணலைத் தோண்டி நீர் எடுக்கவும் அதற்குத் தெரியும். தன் நிலப்பரப்பில் எந்த மாதத்தில் எங்கே நீரும் புல்லும் உண்டு என்பதை இளையவை மூத்தவற்றுடன் நடந்தே கற்றுக்கொள்கின்றன.

உயர்ந்த முதுகாட்டின் நிழலில் யானைக்கு எட்டும் தீனி அதிகமில்லை. பற்றைக்காடும், பயிரிட்டுக் கைவிடப்பட்ட சேனை நிலமும், குளத்து அலைகரையுமே அதற்குச் சிறந்தவை. குளம் வற்றும்போது வெளிப்படும் தரையில் இளம்புல் முளைக்கிறது. மின்னேரியாக் குளத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது இப்புல்லுக்காகவே. வறட்சியிலும் நீர்மட்டம் உயர்த்தி வைக்கப்பட்ட ஆண்டுகளில் அந்தப் புற்றரை நீருக்குள் போயிற்று.

யானை ஏன் ஊருக்கு வருகிறது?

பற்றைக்காடு தோட்டமாகிறது, அலைகரை வயலாகிறது, வழிப்பாதையில் வீடு எழுகிறது. இவை சில ஆண்டுகளில் நடந்துவிடுகின்றன. யானையின் உடல் அவ்வளவு விரைவில் மாற முடியாது. தாய் யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்றை ஈனுகிறது. மாறக்கூடியது நடத்தை மட்டுமே; அதுதான் மாறுகிறது. யானை வெடிக்கு அஞ்சாமலிருக்கப் பழகுகிறது. இரவில் வரப் பழகுகிறது. மின்வேலியின் கட்டையைத் தள்ளி விழுத்தப் பழகுகிறது. பயிருக்குள் நுழைபவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகளே. ஒரு பிடி நெற்கதிரில் காட்டுப் புல்லைவிட மிகுதியான சத்து உண்டு என்பதை அவை அறிந்துகொண்டுள்ளன.

பிடித்துத் தூர விட்டால் என்ன என்று கேட்கிறோம். அவ்வாறு இடம் மாற்றிக் கழுத்துப்பட்டி அணிவித்து அவதானித்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பின. சில பரந்து அலைந்தன. சில புதிய ஊர்களில் தொல்லையைத் தொடங்கின. பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியது. கூட்டமாகச் சரணாலயத்துக்குள் துரத்தினாலும் பயன் குறைவு. அங்கு ஏற்கனவே உள்ள யானைகளுக்கு அளவான உணவே இருக்கும். புதியவை, குறிப்பாகத் தாயும் கன்றும், பட்டினி கிடக்கும்.

இதன் விலை பெரிது. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். ஒரு போகத்தை இழந்த குடும்பம் அடுத்த போகத்துக்கு விதைநெல்லையும் கடனாகவே வாங்குகிறது. அக்குடும்பத்திடம் யானையை நேசி என்று மட்டும் சொல்வது நீதியல்ல.

நாம் செய்யக்கூடியவை

காட்டைச் சுற்றி அன்றி, ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி இடுவது பயன் தருகிறது. 2020இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இதையே வலியுறுத்தியது. ஊர் வேலி நிரந்தரமானது. வயல் வேலியைக் கமக்காரரே விதைப்புக்கு முன் நட்டு, பற்றை வெட்டிப் பேணி, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கின்றனர். அதன்பின் யானை வந்து அரிதாளை மேயலாம். எமது ஆண்டுக்கணக்கும் யானையின் ஆண்டுக்கணக்கும் இங்கு இணைகின்றன.

இதற்குரிய கருவி விட்டுவிட்டுத் துடிக்கும் மின்னோட்டத்தையே அனுப்பும். அது அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது சட்டவிரோதம். அதில் யானையோடு அயலவரும் இறக்கின்றனர். தீனிக்குள் வெடி மறைத்து வைப்பதும் பெருங்கொடுமை. வாய் சிதைந்த யானைக்கன்று பல நாள் பட்டினியால் சாகிறது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் யானை எந்த மாதங்களில், எந்த வழியால் வருகிறது? பத்து ஆண்டுகளுக்கு முன் அவ்வழி எப்படி இருந்தது? மூத்தோரைக் கேட்டு வரைபடம் ஒன்று வரைக.

2. எமது குளத்தின் அலைகரை இன்று யார் கையில், என்ன நிலையில் உள்ளது?

3. வயல் வேலி இடுவதாயின் காவல், செலவு, பற்றை வெட்டுதல் ஆகியவற்றை எவ்வாறு பங்கிடுவோம்? ஆண்துணையற்ற குடும்பங்களின் பங்கை யார் ஏற்பது?

மூன்றாம் கேள்விக்கு ஒருமித்த விடை கிடைக்கும் ஊரில் வேலி நிலைக்கும். கிடைக்காத ஊரில் அது ஒரு போகத்துக்குள் விழுந்துவிடும். காலபோக விதைப்புக்கு முன்னரே இக்கலந்துரையாடலை நடத்தி முடிப்பது நல்லது.